எலியில் வென்ற குர்குமின் மனிதரில் நின்றது எங்கே? பெருங்குடல் புற்றுநோய்த் தடுப்புச் சோதனைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2018-ல் 'கேஸ்ட்ரோஎன்டராலஜி' இதழில் ஒரு மருத்துவச் சோதனையின் முடிவு வெளியானது. பரம்பரையாக வரும் ஒரு குடல் நோய் உள்ள 44 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு, மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் நாளுக்கு 3 கிராம். இன்னொரு பிரிவினருக்குப் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்துக் குடலுக்குள் கருவி விட்டு எண்ணினார்கள். குர்குமின் பிரிவில் சராசரியாக 22.6 பாலிப்கள், அதாவது குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகள். வெற்று மாத்திரைப் பிரிவில் 18.6. பாலிப்பின் அளவிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 22.6-க்கும் 18.6-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான் என்று புள்ளியியல் கணக்கு சொன்னது. சுருக்கமாகச் சொன்னால், குர்குமினால் பலன் இல்லை.

இதே பொருள்தான் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுக்களைக் கொன்றது, எலிகளின் குடல் கட்டிகளைப் பாதிக்கு மேல் சுருக்கியது. இதே குடல் நோய் உள்ள ஐந்து பேரிடம் அந்தச் சோதனைக்கு 12 ஆண்டுகளுக்கு முன்னால் பிரமாதமாக வேலை செய்ததாகவும் தெரிந்தது. அப்படியானால் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது? தாவரச் சாறுகளைப் புற்றுநோய்க்கு எதிராகச் சோதிக்கும் வேலை நம் பல்கலைக்கழகங்களில் இன்றும் மும்முரமாக நடக்கிறது. அதனால் இந்த ஒரு பொருளின் பயணத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்துவிடுவது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஏன் மஞ்சள், ஏன் பெருங்குடல்

மஞ்சள் தூளின் எடையில் சுமார் 3 சதவீதம்தான் குர்குமின். ரகத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். கடையில் 'குர்குமின்' என்று விற்பதிலும் முக்கால் பங்குதான் அசல் குர்குமின். மீதி அதன் இரண்டு நெருங்கிய உறவுப் பொருள்கள். ஒவ்வொரு ஆய்வகமும் எந்தக் கலவையைப் பயன்படுத்தியது என்று பார்க்காமல் முடிவுகளை ஒப்பிட முடியாது. தாவரச் சாறு ஆய்வுகளில் முதல் சிக்கலே இதுதான்.

குர்குமினை விழுங்கினால் இரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். சேர்ந்ததையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனே வேறு வடிவத்துக்கு மாற்றி வெளியேற்றிவிடும். மூளைக்கோ நுரையீரலுக்கோ மருந்து தேடுபவருக்கு இது பெரிய தடை. ஆனால் பெருங்குடலுக்கு இதுவே சாதகம். இரத்தத்தில் சேராதது அப்படியே கீழே இறங்கிப் பெருங்குடலின் உள்சுவரை நேரடியாகத் தொடும். குர்குமின் உடம்பில் எங்காவது வேலை செய்யும் என்றால் அது இங்கேதான் செய்ய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் சின்னஞ்சிறு பாலிப்பாகத் தொடங்கி, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டுதான் புற்றாக மாறுகிறது. குடலுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் அந்தப் பாலிப்பைப் பார்க்கலாம், எண்ணலாம், அளக்கலாம். தடுப்பு மருந்தைச் சோதிக்க இவ்வளவு தோதான உறுப்பு உடம்பில் வேறு அதிகம் இல்லை.

தட்டில் நடந்தது

முதல் கட்டம் செல் வளர்ப்பு. எச்.டி.-29, எச்.சி.டி.-116, காக்கோ-2 ஆகியவை உலகம் முழுக்கப் புழங்கும் பெருங்குடல் புற்றணு வரிசைகள். 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் அவற்றை வளர்த்து, குழிக்குக் குழி அளவை மாற்றிச் சாற்றை விட்டு, ஓரிரு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் நிறச் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிரோடிருக்கும் செல் அந்தச் சாயத்தை ஊதா நிறமாக்கும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று கணக்கு.

தாவரப் பொருளோடு இந்தச் சோதனையைச் செய்யும்போது கவனம் தேவை. குர்குமினுக்கே அடர் மஞ்சள் நிறம் உண்டு. ஒளிபட்டால் ஒளிரவும் செய்யும். தாவரங்களில் பரவலாக உள்ள பாலிஃபீனால்கள் என்ற பொருள்களில் பல, செல்லே இல்லாத குழியிலும் எம்.டி.டி.யைத் தாமாகவே ஊதாவாக்கிவிடும். ஆகவே செல் இல்லாமல் சாறு மட்டும் விட்ட குழிகளும் தட்டில் இருக்க வேண்டும். சாதாரணக் குடல் செல்களும் பக்கத்தில் வளர்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சாறு புற்றணுவை மட்டும் கொன்றதா, எல்லாவற்றையும் கொன்றதா என்று சொல்ல முடியாது. இந்த இரண்டும் இல்லாத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

அப்புறம் அளவு. தட்டில் குர்குமின் வேலை செய்வது பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் செறிவில். 2001-ல் தைவானில் நடந்த சோதனையில் நோயாளிகளுக்கு நாளுக்கு 8 கிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் இரத்தத்தில் எட்டிய உச்சம் சராசரியாக 1.77 மைக்ரோமோலார்தான். போதாததற்கு, உடம்பின் காரத்தன்மை உள்ள வெறும் உப்புக் கரைசலில் குர்குமினின் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுகிறது. செல்லைக் கொன்றது குர்குமினா, அது சிதைந்து வந்த துண்டுகளா என்ற கேள்விக்கு எத்தனையோ கட்டுரைகள் பதில் தேடவே இல்லை.

எலிகளும் ஒரு நச்சுக் கொட்டையும்

எலிக்குத் தானாகப் பெருங்குடல் புற்றுநோய் வருவது அரிது. வரவழைக்க வேண்டும். அதற்குப் பயன்படும் மருந்து அசாக்ஸிமீத்தேன் அல்லது அதன் முன்வடிவமான டைமெத்தில்ஹைட்ரசின்.

இந்த மருந்துகளின் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவு மக்கள் சைக்கஸ் மரத்துக் கொட்டையை மாவாக்கிச் சாப்பிட்டு வந்தார்கள். கேரளத்தில் ஈந்து என்று சொல்வதும் இதே இனம்தான். மலபார் பக்கம் அந்தக் கொட்டையைக் காயவைத்து, ஊறவைத்துக் கழுவித்தான் மாவாக்குவார்கள். கழுவாத மாவை 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எலிகளுக்குக் கொடுத்தபோது கல்லீரல், சிறுநீரகம், குடல் ஆகியவற்றில் கட்டிகள் வந்தன. காரணம் சைக்காசின் என்ற தாவரப் பொருள். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. குடல் பாக்டீரியாதான் சைக்காசினை உடைத்து நச்சை வெளியே விடுகிறது. அந்த நச்சையும் அதன் வேதியியல் உறவுகளையும் ஆராயப் போய்த்தான் இன்றைய அசாக்ஸிமீத்தேன் எலி மாதிரி உருவானது. தாவரத்திலிருந்து வந்தது என்பதால் தீங்கில்லை என்று நம்பும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது: தாவரச் சாறு புற்றைத் தடுக்கிறதா என்று சோதிக்கும் எலிக்கே தாவர நச்சின் வழித்தோன்றலால்தான் புற்று வரவழைக்கப்படுகிறது.

குர்குமினுக்கு அடித்தளம் போட்ட எலிச் சோதனை 1995-ல் 'கேன்சர் ரிசர்ச்' இதழில் வந்தது. நியூயார்க் மாநிலம் வல்ஹல்லாவில் இருந்த அமெரிக்கன் ஹெல்த் ஃபவுண்டேஷனில் நடந்தது. உணவில் 0.2 சதவீதம் குர்குமின் கலந்து கொடுத்தார்கள். அசாக்ஸிமீத்தேனை வாரம் ஒருமுறை வீதம் இரண்டு வாரம் ஊசியில் ஏற்றி, ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார்கள். குர்குமின் தின்ற எலிகளில் புற்றுக்கட்டி வந்தவற்றின் எண்ணிக்கை குறைந்தது, ஒரு எலிக்கு வந்த கட்டிகளும் குறைந்தன. கட்டிகளின் பருமன் 57 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. கவனமாகச் செய்த நல்ல சோதனை, சந்தேகமில்லை.

அதில் குர்குமின் ஊசிக்கு முன்பிருந்தே உணவில் இருந்தது. மனிதர் யாரும் நோய்க்கான காரணம் உடம்பில் நுழையும் நாளைத் தெரிந்துகொண்டு அதற்கு முன்பே மஞ்சள் மாத்திரையைத் தொடங்குவதில்லை. இதை உணர்ந்து, ஊசி போட்டுப் பல வாரம் கழித்து, புற்று வளரும் கட்டத்தில் மட்டும் குர்குமின் கொடுத்து 1999-ல் இன்னொரு சோதனை செய்தார்கள். அப்போதும் பலன் தெரிந்தது. ஆனால் உயர்ந்த அளவில், 0.6 சதவீதம். அப்புறம் இங்கிலாந்தின் லெஸ்டரில், பரம்பரைக் குடல் நோய் உள்ள மனிதக் குடும்பங்களில் காணப்படும் அதே மரபணுக் கோளாறு (ஏ.பி.சி. என்ற மரபணுவில்) உள்ள சுண்டெலிகளில் சோதித்தார்கள். 0.2 சதவீதத்தில் பாலிப்கள் 39 சதவீதம் குறைந்தன. 0.1 சதவீதத்தில் பலன் இல்லை.

ஓராண்டு காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. கனடாவில் 1987-ல் விவரிக்கப்பட்ட முறை அது. எலியின் பெருங்குடலை நீளவாக்கில் வெட்டி விரித்து, ஃபார்மலினில் வைத்து, மெத்திலீன் நீலத்தில் சில நிமிடம் முக்கி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் போதும். சாதாரணக் குடலின் சுரப்பிக் குழிகள் ஒரே அளவில் வரிசையாகத் தெரியும். நடுவே சில குழிகள் மட்டும் பெரிதாக, சுவர் தடித்து, கருநீலமாகச் சாயம் ஏறி, வாய் வட்டமாக இல்லாமல் கீறல் போல நீண்டு நிற்கும். அவற்றைத்தான் எண்ணுகிறோம். ஒரு கூட்டத்தில் நான்கு குழிக்கு மேல் இருந்தால் தனியாகக் குறிக்க வேண்டும். எண்ணுபவருக்கு எந்த எலி எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. இது மிக முக்கியம், அடிக்கடி விட்டுப்போவதும் இதுதான். மலிவான, விரைவான முறைதான். ஆனால் இந்தக் குழிக் கூட்டங்களில் பெரும்பாலானவை ஒருநாளும் புற்றாக மாறுவதில்லை. இந்த எண்ணிக்கை குறைந்தால் புற்றுநோய் குறைந்தது என்று எழுதிவிட முடியாது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் டைமெத்தில்ஹைட்ரசின் கொடுத்த எலிகளை வைத்துப் பல தாவரப் பொருள்களைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் படித்த பலருக்கு இந்த எலி மாதிரி பழக்கமானதுதான்.

0.2 சதவீதம் என்றால் நம் சாப்பாட்டில் எவ்வளவு?

சரி, எலி தின்ற அளவை மனிதருக்கு மாற்றிப் பார்ப்போம். 300 கிராம் எலி நாளுக்கு ஏறக்குறைய 16 கிராம் தீவனம் தின்னும். அதில் 0.2 சதவீதம் என்றால் 32 மில்லிகிராம். கிலோ எடைக்கு 107 மில்லிகிராம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற, உடல் மேற்பரப்புக் கணக்குப்படி இதை 6.2-ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 17 மில்லிகிராம் வருகிறது. 60 கிலோ மனிதருக்கு நாளுக்குச் சுமார் 1 கிராம் குர்குமின். 3 சதவீதக் கணக்கில் இது 34 கிராம் மஞ்சள் தூள். ஒரு ஆள், ஒவ்வொரு நாளும்.

சாம்பாரிலும் பொரியலிலும் சேரும் மஞ்சள் இதன் அருகில்கூட வராது. "தினமும் மஞ்சள் சேர்த்துக்கொள்ளுங்கள், குடல் புற்று வராது" என்று இந்த எலிச் சோதனையை வைத்துச் சொல்ல வழியே இல்லை. அந்தச் சோதனையைச் செய்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை.

மனிதர்களில்

பெருங்குடல் புற்று நோயாளிகளிடம் முதலில் இறங்கியது லெஸ்டர் குழு. வேறு மருந்து கேட்காத முற்றிய பெருங்குடல் புற்று நோயாளிகள் 15 பேருக்கு நாளுக்கு 0.45 முதல் 3.6 கிராம் வரை கொடுத்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பக்க விளைவு இல்லை. அடுத்த ஆண்டு வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 12 பேருக்கு ஏழு நாள் குர்குமின் கொடுத்து, வெட்டியெடுத்த குடல் திசுவிலேயே அதை அளந்தார்கள். நாளுக்கு 3.6 கிராம் எடுத்தவர்களின் சாதாரணக் குடல் திசுவில் கிராமுக்கு 12.7 நானோமோல், புற்றுத் திசுவில் 7.7 நானோமோல். மருந்து போக வேண்டிய இடத்துக்கு உண்மையாகவே போய்ச் சேர்கிறது என்பதற்கு நேரடிச் சான்று. தாவரப் பொருள் ஆய்வுகளில் இந்த அடிப்படை வேலையைச் செய்தவர்கள் மிகக் குறைவு.

2006-ல்தான் உலகம் முழுக்கச் செய்தியான சிறு ஆய்வு வந்தது. ஆரம்பத்தில் சொன்ன பரம்பரைக் குடல் நோயின் பெயர் குடும்பவழிப் பாலிப் நோய். ஏ.பி.சி. மரபணு பழுதாகப் பிறந்தவர்களுக்கு இளம் வயதிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் முளைக்கும். விட்டுவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்குமே புற்றாகிவிடும் என்பதால் குடலையே வெட்டி எடுப்பார்கள். அப்படி வெட்டிய ஐந்து பேருக்குக் குர்குமின் 480 மில்லிகிராமும் குவெர்செட்டின் என்ற இன்னொரு தாவரப் பொருள் 20 மில்லிகிராமும் சேர்த்து நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பாலிப் எண்ணிக்கை 60.4 சதவீதம் குறைந்தது. அளவு 50.9 சதவீதம் குறைந்தது. அந்தக் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரிய நம்பிக்கையைக் கொடுத்திருக்கும்!

ஆனால் பங்கேற்றவர்கள் ஐந்தே பேர். ஒப்பிட வெற்று மாத்திரைப் பிரிவு இல்லை. குடலை வெட்டி மீதியை மலக்குடலோடு இணைத்தவர்களுக்கு, மிச்சமிருக்கும் பாலிப்கள் மருந்தே இல்லாமலும் சுருங்குவதுண்டு என்பது அறுவை மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். போதாததற்கு இரண்டு பொருள்கள் கலந்திருந்தன. எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

2011-ல் புகைபிடிப்பவர்கள் 44 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. 41 பேர் முடித்தார்கள். 30 நாள் 4 கிராம் எடுத்தவர்களின் மலக்குடல் குழிக் கூட்டங்கள் 40 சதவீதம் குறைந்தன. 2 கிராம் எடுத்தவர்களிடம் மாற்றமில்லை. ஆனால் அந்தச் சோதனை முதன்மையாக அளக்கப் புறப்பட்டது குழிக் கூட்டங்களை அல்ல, அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் இ-2 என்ற பொருளை. அது குறையவே இல்லை. இங்கேயும் வெற்று மாத்திரைப் பிரிவு கிடையாது. செய்திகளில் 40 சதவீதம் மட்டும்தான் வந்தது.

பிறகு 2018. 2006 ஆய்வின் முதன்மை ஆய்வாளர் மார்சியா குரூஸ்-கொரேயாவே புவேர்ட்டோ ரிக்கோவிலும் அமெரிக்காவிலும் இந்த முழுமையான சோதனையை முன்னின்று நடத்தினார். தன் சொந்தக் கண்டுபிடிப்பையே கடுமையான சோதனைக்கு உட்படுத்தி, அது தோற்றபோது மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இந்தத் துறையில் அது சாதாரணமாக நடப்பதில்லை.

எங்கே அறுந்தது

அளவு போதவில்லையா? எலிக் கணக்கு 1 கிராம். கொடுத்தது 3 கிராம். திசுவில் சேர்வதையும் லெஸ்டர் குழு காட்டியிருந்தது. அளவைக் குறை சொல்வது கடினம்.

பாலிப்பை எண்ணுவது மழுங்கிய அளவுகோலா? அதுவும் இல்லை. இதே நோயில் சுலிண்டாக் என்ற வலி மருந்தை 1993-ல் 22 பேரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். பாலிப் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. நிறுத்தியதும் திரும்ப ஏறியது. வேலை செய்யும் மருந்து என்றால் இந்தச் சிறிய எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

குர்குமினுக்காக வாதாட ஒரு நல்ல காரணம் மிச்சமிருக்கிறது. குடும்பவழிப் பாலிப் நோயில் மரபணுக் கோளாறு பிறவியிலேயே ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. ஐம்பது வயதில் ஒன்றிரண்டு பாலிப்பு வரும் சாதாரண மனிதரின் நிலை வேறு. முதலாமவரிடம் தோற்றது இரண்டாமவரிடம் பலிக்கவே பலிக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதைக் காட்ட ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அதற்கான செலவை நியாயப்படுத்தும் சான்று இப்போது கையில் இல்லை.

என் தீர்ப்பு இதுதான்: அறுந்த இடம் 1995-க்கும் 2018-க்கும் நடுவே உள்ள அந்த 23 ஆண்டுகள். வெற்று மாத்திரையோடு ஒப்பிடும் 44 பேர் சோதனை ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. 2006-க்குப் பின் உடனே தொடங்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக உலகம் முழுக்கச் செல் தட்டுகளில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்தன. ஹூஸ்டனில் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்த பல கட்டுரைகள் படங்களில் இருந்த கோளாறுகளால் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை நம்பி அடுத்த ஆய்வைத் தொடங்கிய மாணவர்களின் உழைப்பை யார் திருப்பித் தருவது?

2017-ல் 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி'யில் வந்த நீண்ட மதிப்பாய்வு இன்னொன்றையும் எடுத்துக்காட்டியது. குர்குமின் ஏராளமான புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், சோதனைக் கருவியின் ஒளி அளவீட்டைக் குழப்பும், தானே சிதையும். எந்த நோய்க்குச் சோதித்தாலும் 'பலன் உண்டு' என்று காட்டும் இயல்பு அதன் வேதியியலிலேயே இருக்கிறது. தட்டில் எல்லாவற்றுக்கும் பலன் தரும் பொருளைக் கண்டால் நம்பிக்கை குறைய வேண்டும், பலருக்குக் கூடுகிறது.

சாப்பிடுபவர் கவனத்துக்கு

குர்குமின் உடம்பில் சேரவில்லை என்ற குறைக்கு 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு தீர்வு வந்தது. 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் உடம்பு ஏற்பது 20 மடங்கு கூடியது. இன்று சந்தையில் உள்ள பல மஞ்சள் மாத்திரைகள் இந்தக் கலவைதான். பெருங்குடலைப் பொறுத்தவரை இது தலைகீழ் வேலை. கீழே இறங்க வேண்டியதை மேலேயே உறிஞ்ச வைக்கிறோம். உறிஞ்சியது கல்லீரலுக்குப் போகிறது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரத்தை அமெரிக்கக் கண்காணிப்புக் குழு 2022-ல் வெளியிட்டது. சோதித்துப் பார்த்த ஏழு மாத்திரைகளில் மூன்றில் மிளகுச் சத்து இருந்தது. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் கண்டார்கள். சமையல் மஞ்சளால் இந்தப் பயம் தேவையில்லை. மாத்திரை எடுப்பவர்கள், அதுவும் கீமோ எடுத்துக்கொண்டே எடுப்பவர்கள், மருத்துவரிடம் அவசியம் சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டிய விஷயமில்லை இது.

கடைசியாக, இன்னும் மூடாத ஒரு கோப்பு. 2019-ல் லெஸ்டர் குழு, பரவிய பெருங்குடல் புற்று உள்ள 28 பேரிடம் ஃபால்ஃபாக்ஸ் என்ற வழக்கமான கூட்டு மருந்துக் கீமோவைத் தனியாகவும், நாளுக்கு 2 கிராம் குர்குமினோடு சேர்த்தும் கொடுத்து ஒப்பிட்டது. சேர்த்து எடுத்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 502 நாள், தனியாக எடுத்தவர்களுடையது 200 நாள். இது தடுப்பு அல்ல, சிகிச்சை. மருந்தைத் தாங்க முடிகிறதா என்று பார்க்கத்தான் சோதனை முதலில் வடிவமைக்கப்பட்டது. வெற்று மாத்திரையும் இல்லை. கீமோ மட்டும் எடுத்தவர்கள் பத்துப் பேருக்கும் கீழே. அவ்வளவு சிறிய பிரிவில் உடல்நிலை மோசமான இரண்டு மூன்று பேர் கூடுதலாக விழுந்துவிட்டாலே இந்த இடைவெளி வந்துவிடும். 2006-ன் ஐந்து பேர் ஆய்வைப் போலவே இதுவும் அடுத்த சோதனையைக் கேட்டு நிற்கிறது. அந்தச் சோதனையில் சில நூறு நோயாளிகள் வேண்டும், வெற்று மாத்திரை வேண்டும், எந்த வேதியியல் கலவை என்பது முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும்.